ஈஸ்டர் மதியச் சாப்பாடு

கோவளத்தில் நாங்கள் குடியிருந்தபோது தெருவுக்கு மீன் கொண்டுவந்த அந்த அம்மா நல்ல உயரம். நரைமுடியை இறுக்கி முடிந்திருப்பார். எந்த மீனுக்கு எவ்வளவு புளி என்று எனக்குச் சொல்லித்தருவார். அவர் மட்டும் மீன் சாப்பிடமாட்டார்.

காரணத்தை, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் ஒன்றில் அவரே சொன்னார். சண்டையில் கணவரிடம், "கடலோட போய்டு" என்று கத்தியிருக்கிறார். அன்று மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. வருடாவருடம் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது இதையே சொல்வாராம்.

"இந்த வாட்டி ஃபாதர் கடுப்பாயிட்டாரு கண்ணு. 'ஆண்டவர் எப்பவோ மன்னிச்சிட்டாரு, நீதான் வாங்கிக்க மாட்டேங்குற. ஈஸ்டர் அன்னிக்கு மீன் சாப்பிடு, அதான் உனக்குப் பரிகாரம்'னுட்டாரு. ஜெபமாலைன்னா சொல்லிட்டுப் போயிருப்பேன். இது தொண்டையில எறங்குமா?"

"எங்க வீட்டுக்கு வாங்கம்மா, சேர்ந்து சாப்பிடலாம்" என்றேன். தலையிட்டிருக்கக் கூடாதோ என்று பிறகு பல நாள் தவித்தேன்.

ஈஸ்டரன்று வந்தார். சிலுவை போட்டுக்கொண்டு ஒரு வாய் வைத்தார். கண்ணை மூடி வெகுநேரம் மென்றார். கன்னத்தில் நீர் வழிந்தது. என் மகள் பயந்து என் மடியில் ஏறிக்கொண்டாள்.

"இன்னா புள்ள, உப்பே போடலையா?" என்று தட்டை நீட்டினார். "இன்னொரு துண்டு வை."

என் சமையலைக் குறை சொல்லக் கேட்டு நான் மகிழ்ந்தது அன்று மட்டும்தான்.