சூசையா, ஜோசப்பா?

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு, திருச்சி மன்னார்புரத்துக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் குமாஸ்தா வேலை கிடைத்து உத்தரவு வந்தது. குறித்த நாளில் மாலைக்குள் சேராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். தொட்டியம் பக்கம் வாழைத் தோட்டக் கூலி வேலை செய்யும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான்.

உத்தரவில் என் பெயர் ஜோசப். ஞானஸ்நானத்தில் சாமியார் எழுதிய பெயர், பள்ளியிலும் அதுவே. ஊரில் மட்டும் எல்லோருக்கும் நான் சூசை.

சேரப் போனபோது, ஸ்ரீரங்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஹெட்கிளார்க் உத்தரவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அங்கே முன்பு ஒருவன் ஆள்மாறாட்டம் செய்து மாட்டியிருந்தானாம். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வாசலில் காவல் வேலை பார்த்தார். அவரைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"இவன் சூசைங்க. எங்க பக்கத்துத் தெரு. ஜோசப்புன்னு எங்க ஊர்ல யாரும் கிடையாதுங்க."

பொறாமையில் கெடுக்கிறாரோ என்று நினைத்தேன். பாவம், தெரிந்ததைத்தான் சொன்னார். ஹெட்கிளார்க் உத்தரவை மடித்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

சாவி வாங்க வந்த லாரி டிரைவர் இதைக் கேட்டுக்கொண்டே நின்றார். "எல்லாம் ஒரே பேருதான் சார். எங்கள்ல யூசுப்பு, இவங்கள்ல சூசை, துரைமாருக்கு ஜோசப். நான் சிங்கப்பூர்ல இருந்த வரைக்கும் என்னையும் ஜோசப்னுதான் கூப்பிட்டாங்க."

"அப்ப இந்த வேலையை உமக்கே குடுத்துடலாமே?"

"எனக்கு லாரிதான் ஓட்டத் தெரியும் சார். லோடு ஏத்தப் பாலக்கரைக்குத்தான் போறேன். அங்க மாதா கோயில் சாமியார்கிட்டக் கேட்டுட்டு வரோம். பொய்யா இருந்தா என்னையும் சேர்த்து அனுப்பிடுங்க."

முன்பின் தெரியாதவர் எனக்காக ஏன் இப்படிப் பேசவேண்டும்? பிறகு என்ன கேட்பாரோ? லாரியில் சர்டிபிகேட் பையை மடியில் இறுக்கிக்கொண்டு, அவர் கையையே பார்த்துக்கொண்டு போனேன். அவர் பாட்டுக்கு வண்டி ஓட்டினார்.

சூசையப்பரைத்தான் இங்கிலீஷில் ஜோசப் என்பார்கள் என்று சாமியார் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். ஆபீஸ் மூடுவதற்குள் திரும்பிவிட்டோம். ஹெட்கிளார்க் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மனமில்லாமல் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

நன்றி சொல்ல ஓடினேன். டிரைவர் எதுவும் கேட்கவில்லை. "நம்ம பேரைக் கெடுத்துடாதீங்க, தம்பி" என்று சிரித்துவிட்டு லோடு இறக்கப் போய்விட்டார்.

இப்போது புதிதாகச் சேர வருகிறவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்ப்பது என் வேலை. நிமிர்ந்து பார்க்கும்போது என் முகத்தில் சந்தேகம் முதலில் வந்துவிடக்கூடாதே என்பதில்தான் எனக்குக் கவனமெல்லாம்.