முத்தையா அனுப்பிய செய்தி

போன் கம்பெனிக்காரர்களே, ஒரு ஜீப் நிறைய ஆட்களை யானை முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது நீங்கள்தான். முத்தையா இல்லை.

போன செவ்வாய்க்கிழமை காலை. போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் பதினோரு பேர். அதே ஜீப்பில் நானும். என் துண்டுத் தோட்டமும் அந்தப் பக்கம்தான்.

தார் ரோடு முடிந்தால் மண் பாதை. அங்கே எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாதையில் யானை நின்றால், மேலே தோட்டத்தில் காவல் இருக்கும் முத்தையா டிரைவர் பாண்டிக்கு மெசேஜ் போடுவார். போனில் பேசுகிற அளவுக்கு சிக்னல் நிற்காது. மெசேஜ் வரவில்லை என்றால் வழி சுத்தம் என்று அர்த்தம்.

அன்று வரவில்லை. ஏறினோம்.

மூன்றாவது வளைவில் குட்டியோடு யானை நின்றது... இரண்டு ஏலச்செடி தூரம். ஒரு பக்கம் பள்ளம். திருப்ப இடமில்லை. பாண்டி ரிவர்ஸ் போட்டான். பின்சீட்டில் இருந்த பேச்சியக்கா மட்டும் தாழ்ந்த குரலில் வழி சொன்னார்.

"எடப்பக்கம் ஒடி பாண்டி... பள்ளத்தப் பாக்காத, என் கையப் பாரு."

யானை நாலடி வந்தது. நின்றது. குட்டி காட்டுக்குள் இறங்க, அதுவும் போனது.

தோட்டத்தில் எல்லோரும் முத்தையா மேல் பாய்ந்தார்கள். தூங்கிவிட்டாய் என்றார் சூப்பர்வைசர். மாசக் கடைசியோடு நின்றுகொள் என்றார்.

முத்தையா போனை நீட்டினார். "போட்டேண்ணே. போயிருச்சுன்னுதான காட்டுது, பாருங்க."

'யானை. ஏறாத.' நாங்கள் ஏறுவதற்கு அரைமணி நேரம் முன்னாலேயே போயிருக்கிறது. பாண்டியின் போனில் ஒன்றுமில்லை.

போடி செல்போன் கடைக்காரர்தான் விளக்கினார். பாண்டியின் பழைய போனும் முத்தையாவின் போனும் ஒரே கம்பெனி. அந்தக் கம்பெனி போன்கள் தங்களுக்குள் சாதாரண எஸ்.எம்.எஸ். போடாது, நெட் வழியாகத் தனிப்பாதையில் அனுப்பிக்கொள்ளும். மேலே தோட்டத்து பங்களாவில் வைஃபை இருக்கிறதே, அது வழியாக. பாண்டி அதற்கு முந்தின வாரம்தான் வேறு கம்பெனி போனுக்கு மாறினான். ஆனால் அவன் நம்பர் இன்னும் பழைய கம்பெனியிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. முத்தையாவின் மெசேஜ், ராசிங்காபுரத்தில் பாண்டி வீட்டில் அணைத்து வைத்திருக்கும் பழைய போனைத் தேடிப் போய்விட்டது.

நம்பரைக் கழற்றிவிட ஒரு பட்டன் உண்டாம். பழைய போனில், எங்கோ உள்ளே. யார் சொன்னீர்கள் பாண்டியிடம்?

மெசேஜ் அனுப்ப எல்லாப் போனுக்கும் பொதுவான ஒரு முறை வந்துவிட்டதாம். அதில் ஒழுங்காகச் சேராமல் இருக்க உங்களில் ஆளுக்கொரு சாக்கு. ஒருத்தன் உங்கள் கடையை விட்டுப் போனால், அவன் பெயருக்கு வரும் தபாலைப் பிடித்து வைத்துக்கொள்வீர்களா? இதற்குப் பெயர் போட்டியா?

சூப்பர்வைசரிடம் எல்லாம் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். கம்பெனி எழுதிக் கொடுக்கட்டும், பாக்கலாம்" என்றார்.

எழுதுங்கள். கஸ்டமர் கேரில் பாட்டுப் போட்டுக் காக்க வைக்க வேண்டாம். மாசக் கடைசிக்குள், இதே பத்திரிகையில், ஊரே படிக்கிற மாதிரி பதில் சொல்லுங்கள் – தூங்கியது முத்தையாவா, நீங்களா?