ஆடிட் ஃபைலில் ஐந்து ஆல்பம்

1. பதினான்காவது தாள்

கஸ்டமர் கம்பெனி ஆடிட்டர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே வந்து பதினான்காவது தாளில் நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பார்ட் நேம்ல ஏணி, ரயில், கண்ணாடி, மரம், வெள்ளைன்னு போட்டிருக்கே மேடம். நீங்க ஷாஃப்ட்தானே பண்றீங்க?"

அது ஷாஃப்ட் அளந்த தாள் இல்லை. எங்கள் ஆட்கள் பாட்டு கேட்டு மார்க் போட்ட தாள். கீழே சிவப்பு மையில் என் கையெழுத்து பளிச்சென்று இருந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கியர் பாக்ஸுக்கு ஷாஃப்ட் செய்யும் கம்பெனி அது. அளவு பார்க்கும் ஸ்டாண்டர்ட்ஸ் ரூமுக்கு நான் பொறுப்பு. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த வருஷங்கள். மீஞ்சூரிலிருந்து தினமும் ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். அன்றைய ஆடிட்டில் தேறினால்தான் புது ஷாஃப்டுக்கு அப்ரூவல் கிடைக்கும், இரண்டாவது லைன் ஓடும். தேறாவிட்டால் அந்த லைனை நம்பி கான்ட்ராக்டில் எடுத்த ஆட்களை அனுப்பிவிடுவார்கள். அதில் இருவர் பெயர் அந்தத் தாளிலேயே இருந்தது.

2. ஏணியா, ரயிலா

கம்பெனியில் ஏ.சி. இருந்த அறைகள் இரண்டு. ஒன்று ஒர்க்ஸ் மேனேஜருடையது, இன்னொன்று என்னுடையது. தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டருக்காகப் போட்ட ஏ.சி. அது, ஆனால் சாப்பாட்டு நேரத்தில் ஊரே அங்கேதான் இருக்கும். மூலையில் ஒரு கம்ப்யூட்டர். என் இன்ஸ்பெக்டர் ரியாஸ் அதில் எம்பி3 சி.டி. போட்டுப் பாட்டு கேட்பான். பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. கடையில் உட்கார மாட்டேன் என்று டிப்ளமோ படித்துவிட்டு எங்களிடம் வந்தவன்.

அவன் கேட்டது ஒரு வெளிநாட்டு பேண்ட். ப்ராக்ரெஸிவ் மெட்டல் என்று பெயர் சொன்னான். ஒரு பாட்டு இருபது நிமிஷம் ஓடும். நடுவில் தாளம் மாறும், மறுபடி மாறும், பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தால் அப்போதுதான் பாடவே ஆரம்பிப்பார்கள். பேண்டின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இன்றைக்கும் யாராவது சண்டைக்கு வருவார்கள்.

சண்டை என்றால் சாதாரணச் சண்டை இல்லை. அந்த பேண்டுக்கு அதுவரை ஐந்து ஆல்பம். அட்டைப் படத்தை வைத்து ஏணி, ரயில், கண்ணாடி, மரம், வெள்ளை என்று நம் ஆட்கள் பெயர் வைத்திருந்தார்கள். ரியாஸ் ஏணி கட்சி. சி.என்.சி. ஆபரேட்டர் தனசேகர் ரயில் கட்சி.

"ஏணியில கீறது பாட்டா பாய்? கணக்கு வாத்தியார் கிளாஸ் மாதிரி கீது."

"தனா, உனக்குப் பொறுமை இல்ல. நாஷ்டா துன்ற நேரத்துல கேக்கற ஆல்பமா அது? உக்காந்து கேக்கணும்."

"உக்காந்து கேட்டா தூக்கந்தான் வருது. ரயிலப் போடு, அஞ்சாவது பாட்டுல ட்ரம்ஸ் அடிக்கிறான் பாரு, சோக்கா கீது!"

ஆரம்பாக்கத்திலிருந்து வரும் கிரைண்டிங் ஆபரேட்டர் லோகேஷ் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, யார் பேசினாலும் தலையாட்டுவான். அவனுக்கு ஐந்துமே பிடிக்கும். அல்லது அப்படிச் சொல்லிக்கொள்வான்.

ஒரு நாள் தனசேகர் போட்ட ஷாஃப்டை ரியாஸ் ரிஜெக்ட் செய்துவிட்டான். நாலு மைக்ரான் தடிமன் கூடுதல் என்றான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலு பங்கு. தனசேகர் ஷாஃப்டும் கையுமாக என்னிடம் வந்தான்.

"அளவு கரீட்டா கீது மேடம். ஏணி நல்லால்லன்னு நேத்து சொன்னேன்ல, அந்தக் கோவத்துல தள்ளிட்டாரு பாய்."

"இன்னாடா பேசற? மைக்ரோமீட்டருக்கு ஏணி தெரியுமா, ரயில் தெரியுமா?" என்று ரியாஸ் எகிறினான்.

நான் அளந்தேன். ரியாஸுக்கு ஒரு அளவு, தனசேகருக்கு ஒரு அளவு வந்தது போல எனக்கு மூன்றாவதாக ஒரு அளவு வந்தது. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஷாஃப்டை ஓரமாக வைத்துவிட்டு, இந்த ஆல்பம் பஞ்சாயத்தை முடித்தால்தான் வேலை நடக்கும் என்று முடிவு செய்தேன். என் புத்தி அன்றைக்கு அவ்வளவுதான்.

3. ஆளுக்கு மூன்று தடவை

எங்கள் தொழிலில் கேஜ் ஆர் அண்ட் ஆர் என்று ஒரு சோதனை உண்டு. பத்து ஷாஃப்டை மூன்று பேரிடம் கொடுத்து, ஆளுக்கு மூன்று தடவை அளக்கச் சொல்ல வேண்டும். முதலில் என்ன அளவு வந்தது என்பதைக் காட்டக் கூடாது. ஒரே ஆள் ஒரே ஷாஃப்டை அளந்தால் ஒரே அளவு வருகிறதா, ஆளுக்கு ஆள் மாறுகிறதா என்று அதில் தெரிந்துவிடும். மாறினால் குற்றம் ஷாஃப்டில் இல்லை, அளக்கும் கருவியிலோ கையிலோ இருக்கிறது.

"இந்த ஃபார்மட்லயே ஆல்பத்துக்கு மார்க் போடுங்க. திங்கள், புதன், சனி, மூணு நாள். பழைய மார்க் என் டிராயர்ல பூட்டி இருக்கும்," என்றேன்.

ஃபார்மட்படி ரியாஸ் ஏ, தனசேகர் பி, லோகேஷ் சி. மூன்று பேரும் பரீட்சை எழுதுவது போல எழுதினார்கள். சனிக்கிழமை டிராயரைத் திறந்தபோது ஸ்டாண்டர்ட்ஸ் ரூமில் நிற்க இடமில்லை.

உயிரைக் கொடுப்பேன் என்ற ஏணிக்கு ரியாஸ் போட்டது பத்து, பத்து, ஆறு.

"ஆறா? இன்னா பாய் இது!" தனசேகர் மேஜையில் தட்டிச் சிரித்தான்.

"பொன்னேரிலருந்து நின்னுக்கினே வந்தேன்டா. கால் வலி. அன்னிக்கு எவன் பாடினாலும் ஆறுதான்."

தனசேகரின் மார்க்கைப் படித்ததும் சிரிப்பு அந்தப் பக்கம் போனது. ரயிலுக்கு மூன்றாவது தடவை அவன் போட்டது ஐந்து.

"மூணு மாசமா அத்தயே கேட்டுக்கினு கீறேன் மேடம், சலிக்காதா?" என்று தலையைச் சொறிந்தான்.

லோகேஷ் ஐந்து ஆல்பத்துக்கும், மூன்று நாளும் எட்டு போட்டிருந்தான். ஒரு புள்ளி மாறவில்லை. கணக்குப்படி அவன்தான் அப்பழுக்கில்லாத ஆள். அவனைத் தனியாகக் கேட்டேன்.

"ஏத்திப் போட்டா ஒரு அண்ணா சண்டைக்கு வருவாரு, எறக்கிப் போட்டா இன்னொரு அண்ணா வருவாரு. எதுக்கு பேஜாருன்னு எட்டு போட்டுட்டேன் மேடம்."

சிவப்பு மையில் "அளவி நம்பத்தக்கதல்ல. ஆட்களுக்குப் பயிற்சி தேவை" என்று தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். தாளை டிரேயில் போட்டுவிட்டு மறந்துபோனேன்.

ஆடிட்டுக்கு முந்தின நாள், "டிரேயில நான் கையெழுத்துப் போட்டது எல்லாத்தையும் நம்பர் போட்டு ஃபைல் பண்ணு" என்று ரியாஸிடம் சொன்னதும் நான்தான். ஃபார்மட் நம்பரும் கையெழுத்தும் இருந்தால் அது ரெக்கார்டு என்று அவனுக்குப் பாடம் சொன்னதும் நான்தான். அவசரத்தில் அவன் மேலே இருந்த பெயரைப் படிக்கவில்லை, கீழே இருந்த கையெழுத்தை மட்டும் பார்த்தான்.

4. எல்லாம் எட்டு

ஆடிட்டர் கையிலிருந்த அந்தத் தாளை ஒர்க்ஸ் மேனேஜர் ராகவையா சார் எட்டிப் பார்த்தார். சூலூர்பேட்டைக்காரர், கோபம் வந்தால் எல்லோரையும் நைனா என்பார்.

"இன்னா நைனா இது? பாட்டா? ஆடிட் ஃபைல்ல பாட்டா?"

ஆடிட்டர் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். முன்னால் இருந்த, ஷாஃப்ட் சோதனையின் பதிமூன்று தாளையும் மறுபடி ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதினான்காவதை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தார்.

"இந்த சி ஆள் யாரு மேடம்?"

"லோகேஷ் சார். கிரைண்டிங்."

"இவர் பாட்டே கேக்கல. இல்ல, கேட்டுட்டுப் பொய் மார்க் போட்டிருக்கார். மனுஷன் கை மூணு நாளும் ஒரே மாதிரி இருக்காது. ஏ, பி ரெண்டு பேரும் உண்மையா போட்டிருக்காங்க, அதான் ஏறி எறங்குது." அவர் குரலை உயர்த்தவே இல்லை. "உங்க மத்த பதிமூணு ஸ்டடியும் இந்த சி ஆள் மாதிரியே இருக்கே மேடம். எல்லாம் எட்டு."

ராகவையா சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அளந்தோம் சார் என்று நான் சொல்லியிருந்தால் அவரும் ஆமாம் போட்டிருப்பார். ஆனால் எதிரே இருந்தவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு முன்பே தெரியும். ஒரு ஸ்டடிக்குத் தொண்ணூறு அளவு எடுக்க வேண்டும், அதற்கு நேரம் ஏது என்று டீ குடித்துக்கொண்டே கடைசி எண்ணை மட்டும் மாற்றி மாற்றி எழுதிய தாள்கள் அவை. அந்தத் தொழிற்பேட்டையில் நான் மட்டும் செய்த வேலை இல்லை என்று சொல்லித் தப்பிக்க ஆசைதான்.

"உக்காந்து எழுதினது சார். பதிமூணும். கையெழுத்து என்னோடதுதான்," என்றேன். அவமானமாக இருந்தது. சொன்ன பிறகு ஏனோ மூச்சு சீராக வந்தது.

ஆடிட்டர் திட்டவில்லை. ஃபைலை மூடினார்.

"இந்த மூணு பேரையும் கூப்பிடுங்க. பத்து ஷாஃப்ட் எடுத்துட்டு வாங்க. பாட்டுக்குப் பண்ண மாதிரியே எனக்குப் பண்ணிக் காட்டுங்க."

வேலை போகப் போகிறது என்ற முகத்தோடு வந்தார்கள். அளந்தார்கள். அளவுகள் குரங்கு போலத் தாவின. லோகேஷும் இந்தத் தடவை எட்டு போடவில்லை, வந்ததை எழுதினான். ஆடிட்டர் தாளைப் பார்க்காமல் அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அன்றைக்குத்தான் அவர்கள் கையைப் பார்த்தேன். தனசேகர் மைக்ரோமீட்டர் நுனியில் கிளிக் என்று சுழலும் ராட்செட்டைத் திருகாமல் தடிமனான பாகத்தைப் பிடித்து இறுக்குகிறான், அதனால் அளவு குறைந்து வருகிறது. ரியாஸ் ஷாஃப்டின் ஓரத்தில் அளக்கிறான், அங்கே இயல்பிலேயே கொஞ்சம் தடிமன். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அன்று ரிஜெக்ட் ஆன ஷாஃப்டின் கதையும் இதுதான்.

ஷாஃப்டின் நடுவில் மார்க்கர் கோடு போட்டோம். ராட்செட்டில் மூன்று கிளிக், அதற்கு மேல் கூடாது என்று வைத்தோம். மத்தியானம் மறுபடி அளந்தபோது மூவரின் அளவும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றது. ஆடிட்டர் குறை எழுதத்தான் செய்தார், பக்கம் பக்கமாக. இரண்டு வாரத்துக்குள் பதிமூன்றையும் உண்மையாகச் செய்து அனுப்பச் சொன்னார். செய்தோம். அப்ரூவல் வந்தது. இரண்டாவது லைன் ஓடியது, தனசேகரும் லோகேஷும் அடுத்த வருஷம் பர்மனென்ட் ஆனார்கள்.

பதினான்காவது தாளைக் கிழிக்க ராகவையா சார் எவ்வளவோ பார்த்தார். ஃபைலில் ஏறிய ரெக்கார்டை எடுக்க வழியில்லை, நம்பர் இடிக்கும்.

5. டி ஆள்

அதற்குப் பிறகு யாராவது சுத்தமான கணக்கோடு வந்தால், "இன்னா, லோகேஷ் போட்டதா?" என்று கேட்பது எங்கள் கம்பெனி வழக்கமாகிவிட்டது. லோகேஷே புது ஆட்களிடம் அப்படிக் கேட்பான்.

ஏணியா ரயிலா என்பது மட்டும் கடைசிவரை தீரவில்லை. நான் ரிடையர் ஆன அன்று ரியாஸும் தனசேகரும் சேர்ந்து ஒரு கவர் கொடுத்தார்கள். உள்ளே ஐந்து ஆல்பமும், பழைய ஃபார்மட்டில் ஒரு தாளும். அளப்பவர் டி என்ற இடத்தில் என் பெயர்.

"இத்தினி வருசம் நடுவரா தப்பிச்சிக்கினீங்க மேடம். ஊட்ல உக்காந்து நிதானமா கேட்டுட்டு மார்க் போடுங்க," என்றான் ரியாஸ்.

"ரயில முதல்ல கேளுங்க," என்றான் தனசேகர்.

கேட்டேன். ஏணிக்கு முதல் தடவை ஒன்பது போட்டேன். ஒரு வாரம் கழித்து, தாளை மறைத்து வைத்துவிட்டுக் கேட்டேன், நான்கு போட்டேன். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, நான்கை எட்டாக மாற்றினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் கை போனது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். நான்கு நான்காகவே இருக்கிறது.