“தப்பு என்னுதுதான் சார்!”

தொண்ணூறுகளின் நடுவில், மழை ஓய்ந்திருந்த ஒரு கார்த்திகை மாதக் காலை. சிட்லபாக்கத்தில் எங்கள் வீடு. மகளைக் கல்லூரியில் விடுவதற்காகக் காரில் கிளம்பி, ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பைத் தாண்டியிருப்பேன். சூடு காட்டும் முள் திடீரென்று சிவப்புக் கோட்டுக்கு ஏறியது. நான் ஓரங்கட்டுவதற்குள் இன்ஜின் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கிப்போனது. பானெட்டைச் சுற்றிக் குபுகுபுவென்று ஆவி.

வாங்கி எட்டே மாதம் ஆன புதுக் கார் அது. ஆசைக்காக வாங்கியதில்லை. என் மகளுக்கு இரண்டு வயதில் போலியோ வந்து, ஒரு காலில் இரும்புக் காலிப்பர் போட்டுத்தான் நடப்பாள். வேளச்சேரிப் பக்கம் அவள் விரும்பிய படிப்பு கிடைத்தது. ஆனால் அந்த நெரிசலில் பஸ் ஏற அவளால் முடியாது. கணவருக்கு நாக்பூரில் வேலை. அதனால் நாற்பத்திரண்டு வயதில் நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். அவளை விட்டுவிட்டு, நான் டீச்சராக இருந்த தாம்பரம் பள்ளிக்கு மணி அடிப்பதற்குள் ஓடிவந்துவிடுவேன்.

அன்று அவளை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, காரை வாங்கிய ஷோரூமுக்கே இழுத்துப்போகச் சொன்னேன். ஒரு வருட வாரண்டி இருக்கிறதே என்ற தைரியம்.

மறுநாள் மேனேஜர் சொன்னதைக் கேட்டு அந்தத் தைரியம் போய்விட்டது.

“ரேடியேட்டர்ல சொட்டுத் தண்ணி இல்ல மேடம். இன்ஜின் மொத்தமா போச்சு. தண்ணி பார்க்காம ஓட்டினா வாரண்டி கிடையாது. சார் ஊர்ல இல்லையா? அவர் வந்ததும் பேசிக்கலாமே.”

தினமும் காலையில் தண்ணீர் பார்த்து ஊற்றிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். அதுமட்டுமில்லை, இரண்டாவது சர்வீஸுக்கு விட்டபோதே, வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது என்று சொல்லியிருந்தேன். அதைச் சொன்னதற்கு, அப்படி எதுவும் ரெக்கார்டில் இல்லை என்று டைப் அடித்த பில்லைக் காட்டினார். ஆயில் மாற்றியது மட்டும்தான் அதில் இருந்தது. வீட்டில் என்னிடம் இருந்த காகிதங்களைக் கொட்டித் தேடினேன். சர்வீஸுக்கு விடும்போது கொடுத்த சீட்டு கிடைக்கவில்லை.

அடுத்த பத்து நாளில் மூன்று முறை அலைந்தேன். ஒவ்வொரு முறையும் அதே பதில், அதே “சார் வரலையா?” ஒருகட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்றைக்கு ஒருநாள் அவசரத்தில் தண்ணீர் பார்க்க மறந்துவிட்டேனோ? முள் ஏறியதைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேனோ?

மூன்றாவது முறை போனபோது ஒர்க் ஷாப்பில் எங்கள் கார் பானெட் திறந்து தூசி படிந்து நின்றது. பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மெக்கானிக், வேறொரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது சர்வீஸில் எங்கள் வண்டியை வாங்கிக்கொண்டு வேலை பார்த்தவர் அவர்தான் என்று அடையாளம் தெரிந்தது. மேனேஜரிடம் காட்ட முடியாத கோபத்தை எல்லாம் அவர் மேல் கொட்டிவிட்டேன்.

“உங்ககிட்டதானே தண்ணி ஒழுகுதுன்னு சொன்னேன்? வாயைத் திறந்து சொல்லக்கூடாதா? பொம்பளை ஓட்டினா என்ன வேணா சொல்லி ஏமாத்திடலாமா?”

சுற்றி இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். “அவரை ஏம்மா திட்டின? அவரா முடிவு பண்றாரு?” என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த சனிக்கிழமை, பணம் கட்டி ரிப்பேர் பார்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்று கூப்பிட்டனுப்பினார்கள். மேனேஜர் அறையில் உட்கார்ந்து, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ‘உரிமையாளரின் கவனக்குறைவு’ என்று அதில் இருந்தது. பேனாவைத் திறந்துவிட்டேன்.

கதவைத் தட்டிவிட்டு அந்த மெக்கானிக் உள்ளே வந்தார். கையில் ஆயில் கறை படிந்த ஒரு அட்டை.

“சார், அந்தம்மா மேல தப்பு இல்ல சார். செகண்ட் சர்வீஸ் ஜாப் கார்டு இது. பழைய கட்டுல தேடி எடுத்தேன். தண்ணி ஒழுகுதுன்னு அவங்க சொன்னத நான்தான் எழுதிக்கீறேன், பாருங்க.”

மேனேஜர் அட்டையை வாங்கவில்லை. “யார் உன்னைக் கேட்டது? வெளியே போ.”

“தப்பு என்னுதுதான் சார். வாட்டர் பம்பைக் கழட்டிப் பாத்திருக்கணும். ஹோஸ் கிளிப்பை மட்டும் டைட் பண்ணி அனுப்சிட்டேன். பம்ப்லதான் சார் கோளாறு. நேத்து கழட்டிப் பாத்தேன், சீல் புட்டுகினு கீது.”

“என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?”

“தெரிஞ்சுதான் சார். எழுதிக் கையெழுத்துப் போட்டும் தரேன்.”

நான் பேனாவை மூடினேன். அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பென்சிலில், கோணல் எழுத்தில், ‘தண்ணீர் லீக்’ என்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பொய் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை என்பதற்கு அந்த இரண்டு வார்த்தைதான் சாட்சி.

அதன்பிறகு மேனேஜரால் மறுக்க முடியவில்லை. கார் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து பார்த்தார். பம்ப் தயாரிப்பிலேயே பழுது என்று எழுதிக்கொடுத்தார். புது இன்ஜின் வந்து பொருத்த மூன்று வாரம் ஆனது. எல்லாம் வாரண்டியிலேயே.

வண்டியை எடுக்க மகளோடு போன அன்று அவரைத் தேடினேன். ஒர்க் ஷாப்பில் காணோம். பின்பக்கம், வண்டி கழுவும் இடத்தில், பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு ஒரு காருக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். அங்கே மாற்றிவிட்டார்களாம். இருபது வருட மெக்கானிக்!

“அன்னைக்கு உங்களை அப்படிப் பேசியிருக்கக்கூடாது. மன்னிச்சிடுங்க. இப்போ என்னாலதானே இப்படி...” என்றேன்.

“உங்களால இன்னாம்மா?” என்று குழாயை மூடினார். “அன்னிக்கி எனக்கும் செம கோவம். இந்தம்மா வண்டியைத் தொடவே கூடாதுன்னுதான் வூட்டுக்குப் போனேன். சோறு எறங்கல. நீங்க திட்டினதுல பாதி நெஜமாச்சே? சரி, போய் ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தம் எப்டி கீதுன்னு கேக்கலாம்.”

ஈரக் கையோடு கார் பக்கத்தில் வந்து நின்று, காதைச் சாய்த்துக் கேட்டார். “ம்... ஜோரா கீது” என்றார். அவ்வளவுதான்.

அன்றிரவே கார் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு நான்கு பக்கம் எழுதினேன். இந்த ஒரு மனிதரால்தான் உங்கள் கம்பெனி மேல் எனக்கு இன்னும் நம்பிக்கை இருக்கிறது என்று எழுதியது நினைவிருக்கிறது. பதில் வரவில்லை. ஆனால் அடுத்த சர்வீஸுக்குப் போனபோது அவர் பழைய இடத்தில், ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். என் கடிதத்தாலா, வேலை தெரிந்த ஆள் பற்றாமலா, தெரியாது. வெளியே தெரிந்த காலை வைத்தே அவர் என்று கண்டுபிடித்து வணக்கம் சொன்னேன். அடியிலிருந்தே, “வாங்கம்மா, பாப்பா நல்லா படிக்குதா?” என்று குரல் வந்தது.

படித்தாள். அந்தக் காரிலேயே போய்வந்து பட்டம் வாங்கினாள்.

பரீட்சைத் தாளில் மார்க்கைத் தவறாகப் போட்டுவிட்டு, பிள்ளைகள் முன்னால் ‘என் தப்பு’ என்று சொல்லவே எனக்கு நாக்கு எழாது. வேலையே போகலாம் என்று தெரிந்தும், தன்னைத் திட்டிய ஒருத்திக்காக அதைச் சொன்ன அந்த மனிதரை நினைத்துக்கொண்டுதான் ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுவேன்.