பாதிப் பாலத்துக்கு ஒரு திறப்பு விழா

போன ஞாயிற்றுக்கிழமை இரத்தினபுரியில் ஒரு கல்யாண வீடு. பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த தலை நரைத்த சிங்கள மனிதர் ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பளத்தை நொறுக்குவார், பார்ப்பார். வடையை எடுப்பார், பார்ப்பார். இந்த வயதிலுமா என்று நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்ட நேரத்தில், சிங்களத்தில் கேட்டார்:

"மிஸ், அந்தப் பாதிப் பாலத்துக்குக் கடிதம் எழுதியது நீங்கள்தானே?"

ஆளைத் தெரிந்துவிட்டது. இன்ஜினியர்! ஒரு காலத்தில் எங்கள் பாலத்துக்கு 'முடியாது' என்று எழுதியவர். இப்போது ஓய்வுபெற்று, இரண்டாம் முறை பாயசம் வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கிறார். "எழுதச் சொன்னது வேறு ஆள்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த வேறு ஆளைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் பலாங்கொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். தோட்டத்துக்கும் பஸ் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓயா, அதாவது காட்டாறு. வெயில் காலத்தில் கல்லுக்குக் கல் தாவிப் போய்விடலாம். மழை பிடித்துவிட்டால் மலையைச் சுற்றிக்கொண்டு ஏழு மைல் நடை. அந்தக் கரையில் சிங்களக் கிராமம். கிளினிக், கடை, பஸ் ஹோல்ட் எல்லாம் அங்கே. இந்தக் கரையில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களும் நாங்களும்.

எங்களுக்கென்று மாகாண சபையில் ஓர் உறுப்பினர் இருந்தார். பெயர் தங்கவேலு. எல்லாருக்கும் அவர் 'மெம்பர்'தான். முன்பு தோட்டத்து லொறி ஓட்டியவர். சிங்களம் தண்ணீர் மாதிரிப் பேசுவார்... ஆனால் ஓர் எழுத்து எழுத வராது. நான் சிங்களத்தில் படித்தவள். ஆகவே சம்பளமில்லாத செக்ரட்டரி!

சனிக்கிழமை காலையில் என் வகுப்பறையில் அவருடைய தர்பார் கூடும். அடையாள அட்டையில் பெயர் பிழை, லயத்துக் கூரை ஒழுகுது, மாட்டுக்கு ஊசி போட ஆள் வரலே... எல்லாவற்றுக்கும் ஒரு கடிதம். ஒரு தடவை ஓர் அம்மா வந்து, புருஷன் மூன்று வாரமாகத் தன்னோடு பேசுவதில்லை, மெம்பர்தான் லெட்டர் தர வேண்டும் என்று நின்றார். கொடுத்தார் — லெட்டர்ஹெட்டில், சீல் வைத்து! அந்த ஆள் அன்றைக்கே பேசிவிட்டார். அரசாங்கக் கடிதத்துக்கு இருக்கிற மரியாதையே தனி இல்லையா?

ஆனால் ஓயாவுக்கு மட்டும் எந்தக் கடிதமும் பலிக்கவில்லை.

அந்த வருஷம் மழை பிடித்த ஒரு மத்தியானம், கொழுந்து பறித்துக்கொண்டிருந்த கர்ப்பிணி கமலத்துக்கு மலையிலேயே பிரசவ வலி கண்டுவிட்டது. ஏழு மைல் சுற்ற நேரமில்லை. பள்ளிக்கூடத்து நாற்காலியில் அவளை உட்காரவைத்து, நாலு பேர் தோளில் தூக்கிக்கொண்டு ஓயாவில் இறங்கினார்கள். பின்னாலேயே குடையோடு நான். இடுப்பளவு தண்ணீர். நடு ஓயாவில் ஒருவருக்குக் கால் வழுக்கியது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தபோது கமலம் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எப்படியோ கரை ஏறினோம். கிளினிக் வரை போக முடியவில்லை. தேத்தண்ணிக் கடைச் சார்ப்பின் கீழேயே பிள்ளை பிறந்தது. கடைக்கார நோனா, அந்தச் சிங்கள அம்மா, தன் புதுச் சேலையைக் கொண்டுவந்து சுற்றிக் கொடுத்தார். பெண் குழந்தை. கங்கா என்று பெயர் வைத்தார்கள்.

மறுநாள் மெம்பர் வந்தார். வழக்கமான சிரிப்பு இல்லை. "எழுதுங்க டீச்சர். இந்த வாட்டி நல்லா காரமா" என்றார். எழுதினேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. ஓயாவின் நடுக்கோடுதான் எல்லையாம். அந்தப் பக்கம் கிராமம், அங்கே பாலம் கட்டலாம். இந்தப் பக்கம் தோட்டம், கம்பெனி இடம், அங்கே அரசாங்கம் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. கீழே இன்ஜினியரின் கையெழுத்து. கம்பெனியின் மேனேஜரான தோட்டத்துத் துரையைக் கேட்டால், பாலம் பொதுச் சொத்து, அது அரசாங்க வேலை என்றார்.

எனக்கு அழுகை வந்தது. மெம்பருக்கு... சிரிப்பு வந்தது!

"டீச்சர், அந்தப் பக்கம் கட்டலாம்னுதானே சொல்றாங்க? அப்ப பாதிப் பாலம் கட்டித் தரச் சொல்லி எழுதுங்க. மிச்சத்த நாங்க தாண்டிக்கிறோம்."

"மெம்பர், இது வெளையாட்டு இல்லீங்க. என் கையெழுத்து எல்லா ஆபீஸ்லயும் தெரியும். என்னய எங்கயாவது தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கி அடிச்சிருவாங்க."

"தூக்கி அடிச்சா திரும்பக் கொண்டாறதுக்கும் லெட்டர் குடுப்பேன். எழுதுங்க."

எழுதினேன். 'தங்கள் தீர்மானத்தை நன்றியோடு ஏற்கிறோம். பாதிப் பாலத்தை உடனே கட்டித் தரவும்.' பதில் வரவில்லை. வந்தால்தானே ஆச்சரியம்?

மெம்பர் காத்திருக்கவில்லை. கிராமத்து ஆட்கள் பாக்கு மரங்கள் வெட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே ஓயாவைத் தாண்டித்தானே தோட்டத்தில் அன்றன்றைக்குக் கூலி வாங்கும் கைக்காசு வேலைக்கு வருகிறார்கள்! எங்கள் ஆட்கள் கட்டினார்கள். அந்தக் கரையிலிருந்து நடு ஓயாப் பாறை வரை அழகான பாதிப் பாலம். மூங்கில் கைப்பிடி வேறு. பிறகு இரண்டு மொழியிலும் அழைப்பிதழ் அச்சடித்தார். மேலே பெரிய எழுத்தில் 'பாலம் திறப்பு விழா', பிரதம விருந்தினர் மாகாண அமைச்சர். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'விருந்தினர்கள் மாற்றுத் துணி கொண்டுவரவும்.'

அமைச்சரின் ஆட்கள் மேலே இருந்ததை மட்டும் படித்தார்கள் போலிருக்கிறது. வந்துவிட்டார்! வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, பின்னால் படம் பிடிக்கிறவர், இன்ஜினியர், கட்சிக்காரர்கள். மேளம் அடித்தது. ரிப்பனை வெட்டினார். கைதட்டலுக்குக் கும்பிட்டுக்கொண்டே நடந்தார்... நடந்தார்... பாலம் முடிந்துவிட்டது.

எதிர்க்கரையில் நாங்கள். முன்னால் குழந்தையை இடுக்கிக்கொண்டு, கையில் மாலையோடு கமலம். மாலை இங்கே, கழுத்து அங்கே, நடுவில் ஓயா!

"தங்கவேலு, மே மொகத?" — இதென்ன என்று கத்தினார் அமைச்சர்.

அவர் பின்னாலேயே பாலத்தில் வந்த மெம்பர் பணிவாகக் கடிதத்தை நீட்டினார். "இவ்வளவுதான் சர் கட்டலாமாம். இன்ஜினியர் மஹத்தயாவே எழுதிக் குடுத்திருக்காரு. எங்க பதிலும் பின்னால இருக்கு."

அமைச்சர் இரண்டையும் படித்தார். "இந்தப் பதிலை எழுதியது யார்?" என்றார். நான் கமலத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"நான்தான் சர்."

"நீயா? பெண் பிள்ளை கையெழுத்து மாதிரி இருக்கிறதே!"

"பயத்துல கை நடுங்கிருச்சு சர்."

அமைச்சருக்கு உதடு துடித்தது. கோபமா, சிரிப்பா? இன்றுவரை எனக்குத் தெரியாது. படம் பிடிக்கிறவரை ஒரு தடவை பார்த்தார். எங்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீரில் இறங்கிவிட்டார்!

நாலாவது அடியில் வழுக்கியது. கமலத்தின் புருஷன் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார். மார்புவரை நனைந்து கரையேறியவரின் கழுத்தில் கமலம் மாலையைப் போட்டாள். கூடவே தண்ணீரில் இறங்கி வந்த மெம்பர் அப்போதுதான் மெதுவாகச் சொன்னார்: "சர், இந்தத் தண்ணியிலதான் இந்தப் பொண்ண வலியோட தூக்கிட்டு வந்தாங்க. அந்தப் புள்ளதான் இது."

அமைச்சர் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, அக்கரையில் குடை பிடித்து நின்ற இன்ஜினியரைக் கூப்பிட்டார்.

"நீங்களும் வாருங்கள்."

காலிலிருந்து கழற்றிய சப்பாத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓயாவில் தள்ளாடி வந்த காட்சி இருக்கிறதே... பிள்ளைகள் சிரித்துவிடக் கூடாதே என்று நான் வேண்டாத சாமியில்லை. நானே சிரித்துவிட்டேன்.

மூன்றே வாரத்தில் சட்டத்தில் இடம் கிடைத்தது. ஓயாவின் இரண்டு கரையிலும் ஒதுக்கிய நிலம் அரசாங்கத்துடையதாம்! கம்பெனிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம்! அந்தச் சட்டப் புத்தகம் எப்போதும் இன்ஜினியரின் மேசை மேலேயே இருந்திருக்கிறது. அடுத்த மழைக்கு முன் இரும்புப் பாலம் — முழுசாக — வந்துவிட்டது. மோட்டார் சைக்கிள் போகிற அகலம். என்னையும் யாரும் தூக்கி அடிக்கவில்லை.

நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? 'முடியாது' என்று எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கெட்டவர்கள் இல்லை. கால் நனையாதவர்கள், அவ்வளவுதான்.

மெம்பர் என்ன ஆனார் என்கிறீர்களா? அடுத்த தேர்தலில், அவருடைய கட்சிப் பட்டியலிலேயே நின்ற டவுன்காரர் ஒருவர், ஒரே பட்டியலுக்குள் யார் முந்துவது என்று தீர்மானிக்கிற விருப்பு வாக்கைக் கேட்டு முதல்முறையாக எங்கள் தோட்டத்துக்குள் வந்தார். அந்தப் பாலம் வழியாகத்தான், பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்களில்! லயம் லயமாகப் புகுந்து வாக்கை அள்ளிக்கொண்டு போனார். மெம்பர் தோற்றுப்போனார்.

துக்கம் விசாரிக்கப் போன என்னிடம் அவர் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"பன்னெண்டு பைக்கு ஒரே நேரத்துல போயிருக்கு டீச்சர்... பாலம் ஆடவே இல்லையாம்!"