வீடில்லாதவனிடம் வீடு கேட்டேன்

அடியார்களுக்கு வணக்கம். போன வருஷம் ஆனி மாதம் நான் பட்ட பாட்டைச் சொல்ல வந்திருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை தருகிற விஷயம் ஒன்றுகூட இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் புவனேஸ்வரி. சொந்த ஊர் மலேசியாவில் ஈப்போ. அங்கே ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். கணவர் போன பிறகு, மிச்சக் காலத்தை அண்ணாமலையார் காலடியில் கழிக்கலாம் என்று வீட்டை விற்றுவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து வாடகைக்கு இருந்தேன். வந்த ஆறாம் மாதம், ஒரு பௌர்ணமி கிரிவலத்தில், பாதி வழியில் ஒரு நொண்டி நாய் என்னோடு ஒட்டிக்கொண்டது. மலையைச் சுற்றி முடித்து வாசல் வரை வந்தது. பிறகு போகவே இல்லை. எங்கள் ஊரில் காப்பியைக் கோப்பி என்போம். நிறத்தைப் பார்த்து அந்தப் பெயரையே வைத்தேன்.

ஆனி பிறந்த மூன்றாம் நாள் வீட்டுக்காரர் வந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. பொண்ணு கைக்கொழந்தையோட வரா. ஆடி பொறந்துட்டா அவளக் குடிவைக்க முடியாது. ஆனிக்குள்ள காலி பண்ணிக் குடுத்துடுங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆடியில் இங்கே யாரும் குடிபோகவும் மாட்டார்கள், குடிவைக்கவும் மாட்டார்கள். அதாவது, ஆனி முடிவதற்குள் எனக்கு வீடு கிடைக்கவில்லை என்றால் ஆவணி வரை கிடைக்காது.

இத்தனை லாட்ஜும் புது வீடுமாக இருக்கிற ஊரில் ஒரு வீடு கிடைக்காதா என்றுதான் நினைத்தேன். புரோக்கரோடு தெருத் தெருவாக அலைந்தேன். என் பாஸ்போர்ட்டைப் பார்த்தால் வாடகை ஏறியது. நாயைப் பார்த்தால் கதவு சாத்திக்கொண்டது. ஒரு வீட்டில் அந்த அம்மாள் கோப்பியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பைரவர் வாகனம்ங்க, கும்பிடணும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த மூச்சிலேயே, "ஆனா வீட்டுல வேணாங்க, பூஜை ரூம் இருக்கு" என்றார்.

இரண்டாம் வாரம் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால் ஒரு வீடு அமைந்தது. மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற அதிகாரி, பக்திமான். நான் சுத்த சைவமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கோப்பியைக் காட்டி, "அதுவும் சைவமா?" என்று கேட்டார்.

மலையைப் பார்த்துக்கொண்டே அதற்கும் ஆமாம் என்றேன். ஆனிக் கடைசியில் குடிவரச் சொன்னார். பொய். அது வாரத்தில் நாலு நாள் கோழிக் கழுத்து தின்கிற நாய். ஆனால் பொய்யை உண்மையாக்கிவிட்டால் பாவம் போய்விடும் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். அன்றிலிருந்து அதற்கும் தயிர்ச்சோறுதான். வைக்கும்போது சிவசிவா என்று சொல்லி வைத்தேன். ஒரு ஜீவனைக் கரையேற்றுகிறேன் என்று உள்ளூரப் பெருமை வேறு.

நாலு நாள் தின்றது. பிறகு தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. ஏற்கெனவே வயசான நாய். விலா எலும்பு எண்ணும்படி ஆயிற்று. ஒரு நாள் காலை படியிலிருந்து உருண்டு விழுந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கிருந்த பெண் டாக்டர் என்ன சாப்பாடு என்று கேட்டார். சொன்னேன். என் நெற்றி விபூதியை ஒரு தரம் பார்த்தார்.

"நீங்க விரதம் இருங்கம்மா, யாரு வேணாம்னது? அத ஏன் இருக்க வைக்கறீங்க? இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா எங்கிட்ட கொண்டாந்திருக்கவே மாட்டீங்க."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அன்று மாலையே வேங்கிக்கால் போய் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நல்லவேள, இப்பவே சொல்லிட்டீங்க. வேற எடம் பாத்துக்குங்க" என்று சொல்லி உள்ளே போனார். அந்த வீடும் போயிற்று. ஆனியில் மிச்சம் ஐந்து நாள்.

அடுத்தது சொல்லக் கூசுகிறது. தினமும் என்னோடு கோயிலுக்கு வருகிற ஒரு அம்மாள், "கிரிவலப் பாதையில விட்டுடுங்க. அங்க எத்தினியோ நாய் இருக்குது. பக்தருங்க பிஸ்கட்டு போடுவாங்க" என்றார். மறுநாள் காலை கோப்பியைக் கூட்டிப் போனேன். அடி அண்ணாமலை பக்கம் ஒரு புளியமரத்தடியில் பன்னை வைத்துவிட்டு, அது தின்னும்போது நடையைக் கட்டினேன். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் காலருகில் அதன் மூச்சுச் சத்தம். பாவி நாய், கிரிவலம் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு கூடவே வந்திருக்கிறது. எதிரில் வந்தவர்கள், "பாரேன், நாயும் மலையச் சுத்துது" என்று எங்களைக் கும்பிட்டார்கள். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அன்றே கோயிலுக்குப் போனேன். சன்னதியில் நின்று நான் வேண்டவில்லை, திட்டினேன். 'நீயே சுடுகாட்டில் கிடக்கிறவன். உனக்கே ஒரு வீடு கிடையாது. உன்னிடம் வீடு கேட்டு வந்தேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இனி உன்னிடம் கேட்க மாட்டேன். உன் பாதையில் வந்து ஒட்டிக்கொண்ட உயிரை நானே தூக்கி எறியப் போகிறேன். பார்த்துக்கொண்டிரு.' இப்படித்தான் சொன்னேன். விபூதிகூட வாங்காமல் வெளியே வந்தேன்.

ஆம், முடிவு பண்ணிவிட்டேன். நடந்து திரும்ப முடியாத தூரமாக இருக்கட்டும் என்று, மறுநாளைக்கு ஒரு ஆட்டோ பேசினேன். கீழ்பென்னாத்தூர் தாண்டி வயல்காட்டில் விட்டுவிட்டு வருவதாக டிரைவர் ஒத்துக்கொண்டார். கடைசியாக அதற்கு வயிறாரப் போடலாம் என்று கோழிக்கடைக்குப் போனேன்.

அந்தக் கடை பாய்க்கு அதுவரை என் பெயர் தெரியாது. எனக்கும் அவர் பெயர் தெரியாது. அப்போது ஒன்றரை வருஷமாக அங்கே வாங்கிக்கொண்டிருந்தேன். அடியார்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, தள்ளி நின்று, பையை நீட்டி வாங்கிக்கொண்டு ஓடிவிடுவேன்.

"ரெண்டு வாரமா காணோமே" என்றார். "நாய் போயிடுச்சோன்னு நெனச்சேன்."

"நாளைக்குப் போவுது பாய்" என்றேன். கடை வாசலில், மூக்கை மூடாமல், எல்லாவற்றையும் சொன்னேன். வீடு, பொய், தயிர்ச்சோறு, புளியமரம், ஆட்டோ எல்லாம். பாய் கத்தியை வைத்துவிட்டுக் கை கழுவினார்.

"பக்கத்துல இருக்கறது எங்க வீடுதாங்க. ஆறு மாசமா பூட்டிக் கெடக்குது. பாக்க வரவங்க கோழிக்கடையப் பாத்துட்டுத் திரும்பிப் போயிடறாங்க. கோயிலுக்கு வந்து தங்கறவங்க யாரு இங்க இருப்பாங்க? நீங்களும் இருக்க மாட்டீங்கன்னுதான் நானும் கேக்கல."

நான் கேட்டேன்: "நாய் இருக்கே பாய். உங்களுக்கு ஆகாதே?"

"நாங்க வீட்டுக்குள்ள வச்சு வளக்க மாட்டோம். நீங்க வளக்கறீங்க, வளத்துக்குங்க. வாயில்லா ஜீவன். நான் தொழக் கெளம்பும்போது மட்டும் மேல வந்து விழாம பாத்துக்குங்க, அது போதும்." பிறகு அவரே யோசித்துவிட்டு, "ஆடி பொறந்துட்டா நீங்க குடி வர மாட்டீங்க இல்ல? அப்ப நாளைக்கே வந்துடுங்க. வெள்ளையடிக்கறத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அந்த ஒன்றரை வருஷத்தில் எத்தனை தரம் அந்தப் பூட்டிய வீட்டு வாசலில் மூக்கை மூடிக்கொண்டு நின்றிருக்கிறேன். அது வீடு என்றே என் கண்ணுக்குத் தெரியவில்லை.

மறுநாள் கோப்பியை ஏற்றிப் போக வந்த ஆட்டோவில் என் பாத்திரங்கள் ஏறின. பால் காய்ச்சினேன். பாய் வீட்டம்மாவுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். மாடி ஏறினால் மலை தெரியாது, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். காலையில் கோழிக் கூண்டுச் சத்தத்தில்தான் எழுகிறேன். என்னோடு கோயிலுக்கு வந்த அம்மாள் இப்போது என் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. பரவாயில்லை. யார் வந்து கேட்டாலும் என் நாய் கோழி தின்னும் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் சன்னதிக்குப் போக முகம் வந்தது. அன்று எதுவும் கேட்கவில்லை. நின்றேன், அழுதேன், வந்தேன்.

வீடு கிடைத்ததற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. வீடு இல்லையென்றால் அன்று நான் என்ன செய்திருப்பேன் என்பது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். காலையில் அந்த ஆட்டோவை அனுப்பிவிட்டு, சாயங்காலம் விபூதி பூசிக்கொண்டு தீபாராதனைக்கு வந்து நின்றிருப்பேன். உங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அப்படி ஒருத்தியாக என்னை ஆக விடாமல் தடுத்தானே, அதற்காகத்தான் நன்றி சொல்கிறேன்.

கஷ்டத்தில் இருக்கிறவர்கள் அவனிடம் போங்கள். அழகாக வேண்டத் தெரியாவிட்டால் திட்டுங்கள், அதையும் கேட்டுக்கொள்கிறான். நான் அன்று சன்னதியில் இனி கேட்க மாட்டேன் என்று முதுகைக் காட்டிக்கொண்டு வந்தவள். அப்படி வந்தவளுக்கே கொடுத்தான்.