பசியில்லாத ஆறு மாதம்

இருபது வருடமாகப் பசியைப் பற்றி ஆராய்ச்சி செய்துவருகிறேன். சாப்பிட்டதும் குடலில் ஒரு ஹார்மோன் சுரந்து, போதும் என்று மூளைக்குச் சொல்கிறது. அதைப் போலவே வேலை செய்யும் ஊசி மருந்து ஒன்றை முதலில் எலிகளுக்கும், பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கும் போட்டுப் பார்த்தோம். நான் வைத்தியம் படித்தவள் இல்லை. முனைவர் பட்டம் வாங்கியவள். மும்பை மாட்டுங்காவில் வளர்ந்தவள், தமிழ் தெரியும் என்பதால், தாராவியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒப்புதல் படிவத்தைப் படித்துக்காட்டும் வேலையைத் துறைத் தலைவர் என்னிடம் கொடுத்தார்.

அப்படித்தான் அந்த அம்மா வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, திருநெல்வேலிப் பக்கம். வீட்டில் இட்லி அவித்து, தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பவர்களுக்குக் கொடுக்கிற தொழில். சர்க்கரை இறங்கவே இல்லை. இடது காலில் ஆறாத புண். உடைந்த இட்லிகளை எடுத்து நாள் முழுக்க வாயில் போட்டுக்கொண்டே இருப்பதாக, திருட்டை ஒப்புக்கொள்கிறவர்போலத் தலைகுனிந்து சொன்னார்.

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில், ஆய்வு முடிந்தபின் மருந்து தரப்படாது என்று ஒரு வரி இருந்தது. படித்தேன். ஆனால் மற்ற வரிகளைவிட வேகமாகப் படித்தேன். ஆய்வுக்கு ஆட்கள் போதவில்லை. வந்தவரை விட்டுவிட எனக்கு மனமில்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி.

"நீங்க சொல்லுங்க டாக்டரம்மா, போட்டுக்கிடலாமா?"

டாக்டரம்மா என்றதை நான் திருத்தவில்லை. "போட்டுக்கலாம்மா" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

மருந்து வேலை செய்தது. இட்லிக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தும் ஒன்றைக்கூட எடுக்கத் தோன்றவில்லை என்று இரண்டாம் மாதம் வந்து சொன்னார். சர்க்கரை இறங்கியது. புண் மூடியது. ஒருநாள் கட்டைப் பிரித்து, காத்திருந்த எல்லோருக்கும் காலை நீட்டிக் காட்டினார். என் வேலையில் அன்றைக்கு அடைந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு அடைந்ததில்லை.

ஆறாவது மாதம் ஆய்வு முடிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவர் வழக்கம்போல ஊசிக்கு வந்து நின்றார். செக்யூரிட்டி விடவில்லை. நான் கீழே இறங்கிப் போய், இனி மருந்து கிடையாது என்றேன். அவருக்குப் புரியவில்லை. குணமாகிக்கொண்டிருக்கும்போது எதற்கு நிறுத்துகிறீர்கள் என்று கேட்டார். மீதமிருக்கும் ஊசிகளையாவது தரலாமா என்று துறைத் தலைவரிடம் போய்க் கேட்டேன். எல்லாம் தெரிந்துதானே கையெழுத்துப் போட்டார், படித்துக்காட்டியது நீங்கள்தானே என்றார். என் மேஜைக்குத் திரும்பிவிட்டேன்.

கட்டுரை வெளிவந்தது. வெளிநாட்டுக் கருத்தரங்கில் வரைபடத்தைத் திரையில் காட்டிப் பேசினேன். சர்க்கரைக் கோடு அழகாகக் கீழே இறங்கி, ஆறாவது மாதத்தில் நின்றது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்று அவையில் ஒருவரும் கேட்கவில்லை. கைதட்டினார்கள்.

இரண்டு வருடத்தில், மாதத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் விலையில் மருந்து கடைக்கு வந்தது. மாட்டுங்காவில் என் ஒன்றுவிட்ட தங்கை, சர்க்கரை ஏதும் இல்லாதவள், மகள் கல்யாணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று அதைப் போட்டுக்கொண்டிருந்தாள். நிறுத்தினால் பசி திரும்பி வருமா என்று கேட்டாள். வரும் என்றேன்.

"அதனால என்னக்கா, மறுபடி போட்டுண்டா போச்சு" என்றாள்.

அவள்மேல் கோபப்பட எனக்கு என்ன உரிமை? ஆனால் வீட்டுக்குத் திரும்ப முடியவில்லை. அங்கிருந்து நேராகத் தாராவிக்குப் போனேன்.

விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மருமகள் மாவை வழித்துக்கொண்டிருக்க, அவர் ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. முன்னைவிடப் பருத்திருந்தார். வாசற்படியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை என்பதையும் சொன்னேன்.

"அது பொறவு தெரிஞ்சிது" என்றார். மருமகள் கிரைண்டரை நிறுத்தினாள்.

"பசியோடயே இருந்திருந்தா என் ஒடம்பு இப்படித்தான்னு கெடந்திருப்பேன். நீங்க அத நிப்பாட்டிக் காட்டிட்டு, பொறவு விட்டுட்டுப் போயிட்டீய. இப்ப சாப்பிடுத ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு அசிங்கமா இருக்கு."

குரலில் கோபம் இல்லை. மாவுத் தூக்கை உள்ளே கொண்டுவர வேண்டும், வாசலை மறிக்காதீர்கள் என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஆய்வு முடிந்தாலும் பலன் கண்டவர்களுக்கு மருந்து தொடர வேண்டும் என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதினேன். பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. தினமும் அதே கட்டடத்துக்குத்தான் போகிறேன். ஒப்புதல் வாங்கும் அறைக்கு மட்டும் போவதில்லை. அந்த வேலைக்கு வேறு ஒருவரைப் போட்டிருக்கிறார்கள்.